மாமாவோடு விஸ்கி ருசிபார்த்தது

ஸ்கொட்லாந்துச் சுற்றுலா முடிந்து இன்று காலைதான் லண்டன் திரும்பினோம், நானும் என் மாமனாரும்.

மலை, ஏரி, செம்மறியாடு எதிலும் என் மனம் நிற்கவில்லை. கடைசியில் விஸ்கி ருசிபார்த்தல் இருந்தது.

ஆளுக்கொரு கிளாஸ் வைத்தார்கள். மாமனார் முன்னால் நான் எப்படிக் குடிப்பது? மருமகன் முன்னால் அவர்தான் எப்படிக் குடிப்பார்?

“தம்பி, வெளியில இந்த ஊர்ச் சடைமாடு நிக்குது. போய்ப் பாருங்கோவன்.”

“நான் பார்த்திட்டன் மாமா. நீங்கள் போய்ப் பார்த்திட்டு வாங்கோ.”

“எனக்குக் குளிருக்குள்ள போக ஏலாது.”

இருவரும் அசையவில்லை. வழிகாட்டிப் பெண் இரக்கப்பட்டு, கிளாஸ்களை எடுத்துவிட்டுத் தோடம்பழச் சாறு வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா மகளிடம் சொன்னார்: “பிள்ளை, உன்ரை மனுசன் விஸ்கியை மணந்துகூடப் பார்க்கேல்லை!”

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

மாமா கோடை முடியும்வரை எங்களோடுதான். நண்பர்களே, உங்களில் யார் வீட்டில் மாமனார் இல்லை?