சும்மா நிற்கத் தெரியாத சாக்ஸபோன்

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறி உட்கார்ந்ததும் சவுரிராயன் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணல் சீவலை எடுத்து வாயில் செருகிக்கொள்வார். சாக்ஸபோனின் வாய்ப்பக்கம் மாட்டுகிற ரீடு அது. எச்சிலில் ஊறினால்தான் பேசும். விக்கிரவாண்டி தாண்டும்வரை அவர் பேசமாட்டார். பக்கத்து சீட்டுக்காரர் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை நீட்டினால் வாங்கி வைத்துக்கொண்டு, காதலியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வருவார். மடியில் சாக்ஸபோன் பெட்டி. கூட்டமான நாளில் நின்றபடி அதை அவர் அணைத்திருக்கிற அழகைப் பார்த்து, கைக்குழந்தைக்காரர் என்று எழுந்து இடம் கொடுத்தவர்கள் உண்டு.

ஊர் கோலியனூர். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. மூச்சுக்கு மட்டும் இருபதுதான். அவர் ஊதினால் பனமலை ஏரியில் அலை அடிக்கும் என்பார்கள் கூட்டாளிகள். அலையைப் பார்த்தவர் இல்லை. கொக்குகள் பறந்தது நிஜம். ஊதும்போது கன்னம் இரண்டும் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி எழும்பி, கண்கள் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கும்.

பிழைப்பு தாண்டவராயன் பேண்டு செட்டில். மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, மாதா தேர், சாவு ஊர்வலம், எதுவானாலும் போவார்கள். ட்ரம்பெட் ஊதும் தாண்டவராயன்தான் மாஸ்டர். அவர் செட்டுக்கு ஒரே ஒரு சட்டம்: "சத்தம் நிக்கக் கூடாது. பொண்ணு ஊட்டு மாமன் காதுல வுழுந்துக்கினே இருக்கணும். ஒரு நொடி நின்னா, 'இன்னாப்பா, செட்டு தூங்குதா'ன்னு வந்து நிப்பான்." மாஸ்டர் இருமினாலும் சரி, சோடா குடித்தாலும் சரி, அந்த இடைவெளியை சாக்ஸபோன்தான் அடைக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக சவுரிராயன் ஓர் ஓட்டையைக்கூட விட்டதில்லை.

திண்டிவனத்தில் அவரைக் கண்டுபிடித்தவர் இருதயமேரி டீச்சர். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், சர்ச்சில் பியானோ. சொந்தக்காரர் ஒருவரின் இறுதி ஊர்வலத்தில் சவுரிராயனின் ஊதலைக் கேட்டுவிட்டு நேராக வந்து சொன்னார்: "அண்ணே, அழுவ வெச்சுட்டீங்க. நடுவுல ஒரு தடவ நிறுத்தியிருந்தீங்கன்னா மூக்க சிந்தியிருப்பேன்."

டீச்சருக்கு ஒரு பைத்தியம் உண்டு. இருநூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனிக்காரர் ஒருவர், நான்கு பேர் வயலின் வகையறாக்களோடு ஓர் அறையில் உட்கார்ந்து வாசிக்க எழுதிய இசை. திண்டிவனத்தில் நாலு கட்சிக்காரர்களை ஒரே அறையில் உட்கார வைத்துவிடலாம், நாலு வயலின்காரர்களை முடியாது. ஆகவே பாட்டு வருகிற பாகத்தை சாக்ஸபோனுக்கும் மிச்சத்தையெல்லாம் பியானோவுக்குமாக அவரே மாற்றி எழுதினார். சனிக்கிழமைதோறும் ஒத்திகை.

முதல் ஒத்திகையில் பியானோ ஓரமாக ஆரம்பித்த சவுரிராயன், முடிக்கும்போது தெருக்கதவுக்கு வெளியே நின்றிருந்தார். வாய் ஊதினால் கால் நடக்கும், ஊர்வலப் பழக்கம். டீச்சர் அவரைப் பியானோவுக்கும் சுவருக்கும் நடுவே சொருகி நிறுத்தி அதைச் சரி செய்தார். வாயைத்தான் சரி செய்ய முடியவில்லை.

மெதுவாகப் போகிற பாகத்தில் ஓர் இடம். பியானோ மட்டும் தனியாகப் பேசும். சாக்ஸபோனுக்குப் பன்னிரண்டு தாளக்கட்டம் ஓய்வு. அடுத்த சனிக்கிழமை சவுரிராயன் கொண்டுவந்த தாளில் அந்த வெற்றிடம் முழுக்கப் பென்சிலால் சுரங்கள் மொய்த்திருந்தன.

"இது இன்னாண்ணே?"

"ஜெர்மனிக்காரரு பாவம், அவசரத்துல வுட்டுட்டாரு போல. நான் அடைச்சு வுட்டேன் டீச்சரம்மா."

"வுடல. அங்க நீங்க சும்மா நிக்கணும்னே எழுதியிருக்காரு."

"சும்மா நிக்கிறதுக்கா டை கட்டிக்கினு வரச் சொன்னீங்க?"

டீச்சர் ரப்பர் வைத்து அழித்தார். தாளில் அழிந்தது. மூன்றாவது கட்டத்துக்குள் சாக்ஸபோன் தானாகவே உள்ளே நுழைந்து, பியானோவின் வாயைப் பொத்தியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கூத்து. கடைசியில், சர்ச் ஹாலில் கச்சேரி என்று நாள் குறித்த பிறகு, டீச்சர் சிரிக்காமல் சொன்னார்: "ஞாயித்துக்கிழமையும் நடுவுல பூந்தீங்கன்னா, அதோட முடிஞ்சுதுண்ணே. புதுச்சேரிலர்ந்து ஒரு வயலின்காரர வெச்சுக்குவேன். உங்க அளவுக்கு அவருக்கு வராது. ஆனா நிறுத்தத் தெரியும்."

அன்று திரும்பும் பஸ்ஸில் மல்லாட்டையைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் மனைவி ரோஜாவிடம் சொன்னார்: "கல்யாணத்துல மாப்பிளைய பாக்கறாங்க. சாவுல பொணத்த பாக்கறாங்க. நான் ஊதறத உக்காந்து கேக்கறதுன்னா அந்த ஒரு எடந்தான் ரோஜா. அதுவும் போச்சுன்னா பேஜாரா பூடும்."

டீச்சர் வாசித்ததைப் போனில் பதிவு செய்து கொண்டுவந்து, சும்மா இருக்கப் பயிற்சி எடுத்தார். சாக்ஸபோனைப் பெட்டியில் பூட்டினார், வாய் முணுமுணுத்தது. வாய் நிறைய தண்ணீரை அடக்கிப் பார்த்தார், மூக்கு பாடியது. கேப்பை புடைத்துக்கொண்டிருந்த ரோஜா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு நிமிசம் வாய மூட இவருக்கு ரிகர்சலு வேணுமாம்! கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து எனக்கு அதானேய்யா ரிகர்சலு!" என்றவள், சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "சரி, அந்த எடத்துல டீச்சரு இன்னா வாசிக்குது? பாடிக் காட்டு பாப்போம்."

சவுரிராயன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மாதக்கணக்கில் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு கட்டத்தில் பியானோ என்ன சொல்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதிவை முதலிலிருந்து போட்டார். அப்புறம் இன்னொரு தடவை போட்டார். போன் பேட்டரி செத்த பிறகுதான் ரோஜாவுக்கு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சர்ச் ஹால் நிறைந்திருந்தது. சாயங்காலம் திண்டிவனத்திலேயே ஒரு மாப்பிள்ளை அழைப்பு இருந்ததால், செட்டு மொத்தமும் சிவப்பு யூனிஃபார்மோடு கடைசி பெஞ்சில் தீயணைப்புப் படை மாதிரி உட்கார்ந்திருந்தது. நடுவில் தாண்டவராயன். வேகமான பாகம் முடிந்து கைதட்டல் எழுந்தபோது, அவர் பக்கத்திலிருந்தவரிடம் "நம்ம பையன்" என்று பெருமையடித்தார்.

மெதுவான பாகம். அந்த இடம் வந்தது. சாக்ஸபோன் நின்றது. பியானோ தனியாகப் பேச ஆரம்பித்தது.

ஒரு கட்டம் போனது. இரண்டாவதும் போனது. சவுரிராயனின் கன்னம் துடித்தது. மூன்றாவதில் கடைசி பெஞ்சிலிருந்து, தேர் வடம் இழுக்கிற குரலில்:

"சவுரி! இன்னாடா நின்னுட்ட? ஊதுடா ஜல்தி!"

ஹால் மொத்தமும் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரே அசைவில் சவுரிராயன் முகத்துக்குத் திரும்பியது. இத்தனை கண்கள் ஒருநாளும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. சாக்ஸபோன் தானாக உயர்ந்தது. ரீடு உதட்டைத் தொட்டது. மார்பில் மூச்சு நிறைந்துவிட்டது.

டீச்சர் திரும்பவில்லை. திரும்ப முடியாது, இடது கை பியானோவின் ஒரு கோடியில், வலது கை மறு கோடியில். தாளில் கடைசி வரி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பக்கம் புரட்ட ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் இடது கையைப் பிய்த்தெடுத்துத் தாளை இழுப்பார், அடிச்சுரங்கள் இரண்டு மூன்று விட்டுப்போகும். ஊதலில் அது யாருக்கும் தெரிந்ததில்லை. போனில் கேட்டபோது சவுரிராயனுக்குத் தெரிந்திருந்தது.

சவுரிராயன் ரீடிலிருந்து உதட்டை எடுத்தார். நிறைந்த மூச்சை மூக்கு வழியாக, சத்தமில்லாமல், மெல்ல வெளியே விட்டார். சாக்ஸபோனைக் கழுத்து வாரில் தொங்கவிட்டு, கையை நீட்டி, கடைசிச் சுரம் விழுகிற நேரத்துக்குச் சரியாகப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு, ஃபேன் காற்றில் அது திரும்பி வந்துவிடாதபடி ஒற்றை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையைப் பியானோ பக்கம் சாய்த்து நின்றார்.