கோழி வளர்ப்பு அலமாரியில் ஒளித்த புத்தகம்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஊரைச் சுற்றியுள்ள குளங்களைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொன்னார் வரலாற்றுப் பேராசிரியர். சிறந்த கட்டுரை ஆண்டு மலரில் அச்சாகும் என்றார். என் பெயரை அச்சில் பார்க்க அப்போதே எனக்குக் கை அரித்தது.

குறுக்கே நின்றவன் ஒருவன்தான். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வரும் வகுப்புத் தோழன். எந்தத் தேர்விலும் அவன் முதல், நான் இரண்டாவது. அவன் கையெழுத்து அழகாக இருப்பதற்குக்கூட எனக்கு வயிறு எரியும்.

குளங்களைப் பற்றி நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு பழைய புத்தகம். வெளியே கொண்டு போகவும் முடியாது. இரண்டு நாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டேன். பிறகு அந்தப் புத்தகத்தைக் கோழி வளர்ப்பு அலமாரியில், யாருமே தொடாத ஒரு தடிப் புத்தகத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். அவன் அலமாரி அலமாரியாகத் தேடிய அன்று, கேன்டீனில் எனக்கு இரண்டு மசால்வடை கூடுதலாக இறங்கியது.

வகுப்பில் கட்டுரையைக் கணீரென்று வாசித்தேன். நடுவில் பேராசிரியர் நிறுத்தினார்.

“இந்தக் குளத்த நேர்ல பாத்தியாப்பா?”

“பாத்தேன் சார். தாமரை ஜாஸ்தி.”

“அதத் தூர்த்து மனை போட்டு, அங்கதான் நான் வீடு கட்டிக் குடியிருக்கேன். எங்க கூடத்துல தாமரை பூக்கறது எனக்கே தெரியாம போச்சே!”

வகுப்பே உருண்டு சிரித்தது. அடுத்து அவன் வாசித்தான். புத்தகம் கிடைக்காததால் குளம் குளமாகச் சைக்கிள் மிதித்து, துணி துவைப்பவர்களையும் மாடு குளிப்பாட்டுபவர்களையும் கேட்டு எழுதியிருந்தான். எந்தக் குளம் எப்போது வற்றியது, எது யார் வீடானது, எல்லாம் இருந்தது. ஆண்டு மலரில் அவன் பெயர்தான் வந்தது.

மனசு உறுத்தி, “புக்க ஒளிச்சது நான்தான்டா” என்று சொல்லிவிட்டு, அடிக்கு வாகாகக் கன்னத்தைக் காட்டி நின்றேன். அவன் சிரித்துவிட்டான்.

“நல்ல வேளடா! கெடச்சிருந்தா நானும் சார் வூட்ல தாமரைய பூக்க வெச்சிருப்பேன்.”

அவனுடைய அந்த மனசைப் பார்த்தும் பொறாமைதான் வந்தது.

இன்று என் பேத்தி செல்போனைத் தடவியே அரை மணி நேரத்தில் கட்டுரையை முடித்துவிடுகிறாள். அவளைப் பார்த்தும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும், அவளைச் சைக்கிளில் ஏற்றிக் குளத்தங்கரைக்கு அனுப்ப, ஒளித்து வைக்க ஒரு புத்தகம்கூட என்னிடம் இல்லையே என்றுதான் இப்போதெல்லாம் தவிக்கிறேன்.