பாக்கியம் டீச்சரின் பாலாக் வேகன்

பாக்கியம் டீச்சர் காலமாகிவிட்டார் என்று சுங்காய் பஸ் கண்டக்டர் கடைக்கு வந்து சொன்னபோது, நான் முதலில் கேட்ட கேள்வி நாகரிகமானது அல்ல. "அந்த ஆளு இன்னும் இருக்கானா?" என்றுதான் கேட்டேன். யாரைக் கேட்கிறேன் என்று கண்டக்டருக்குத் தெரியும். "நேத்துக்கூட பார்த்தேன் அண்ணே. நல்லாத்தான் இருக்காரு" என்றார். பழுது பார்த்துக்கொண்டிருந்த ரேடியோவை அப்படியே வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். அழுகை பிறகு வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைப் படிப்பீர்கள். இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "டீச்சர் யார் மேலும் கோபம் வைத்துக்கொள்ளாதவர்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. அதை மறைத்துவிட்டு அஞ்சலி செலுத்தினால், பாதி டீச்சருக்குத்தான் செலுத்தியதாக ஆகும்.

புந்தோங்கில் என் ரேடியோ கடையின் பின்னறையில், நானும் இரண்டு நண்பர்களும் பலகை போட்டு ஒரு சின்ன ரயில் ஓட்டிக்கொண்டிருந்தோம். மின்சாரத்தில் ஓடும் பொம்மை ரயில்தான். ஆனால் எங்களுக்கு அது பொம்மை இல்லை. தண்டவாளம், ஸ்டேஷன், சரக்கு ஏற்றும் சைடிங் எல்லாம் பேராக் மாநில ரயில்பாதையில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்போம். ஒரு நாள் ரேடியோவைப் பழுது பார்க்கக் கொண்டுவந்த டீச்சர், கதவு வழியாக எட்டிப் பார்த்தார். கூட்ஸ் வேகனில் நான் அடுக்கியிருந்த தீக்குச்சிகளைக் காட்டி, "இது என்னா தம்பி?" என்றார். "மரம், டீச்சர்" என்றேன். "மரமா? பல்லு குத்துறதுக்கு ஏத்திட்டுப் போறாப்ல இருக்கு" என்றார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவரும் எங்களில் ஒருவர்.

வேகன்களுக்குச் சுமை செய்வதை அவரே எடுத்துக்கொண்டார். ரப்பர் தோட்டத்திலிருந்து உண்மையான கித்தா ஷீட் துண்டு வாங்கி வந்து, சின்னச் சின்ன பேல்களாக வெட்டி, முகப்பவுடர் பூசி அடுக்குவார். ஈயமண்ணுக்கு வேட்டித் துணியில் விரல்நுனி அளவு சாக்குகள் தைத்தார். ஒரு வேகனில் கொஞ்சம் சாக்குகளை மட்டும் அச்சுக்கு மேலாக வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "பாதி வண்டி காலியா இருக்கே டீச்சர்" என்றேன். "ஈயமண்ண நிறைய ஏத்தினா வண்டி உக்காந்துடும்லா. லகாட் ஸ்டேஷன்ல போயி பாருங்க" என்றார். அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "சுமையப் பார்த்தா, ஏத்தினவன் கை தெரியணும்." சாக்கு மூட்டையின் வாயில் தையல் கோணலாக இருக்கும். ஒரு பேல் மட்டும் சற்றுத் திரும்பி இருக்கும். அவசரத்தில் ஏற்றிய வண்டி, அலுப்பில் ஏற்றிய வண்டி என்று எங்களுக்கே தெரிய ஆரம்பித்தது.

ஒன்றை மட்டும் அவர் தொடவில்லை. பாலாக், அதாவது காட்டிலிருந்து வரும் பெருமரம். கேட்டால், "அது இன்னும் எனக்கு வரல தம்பி" என்பார். வருடக்கணக்கில் அதே பதில்தான்.

ஒரு பொங்கல் விழாவில் பள்ளி மண்டபத்தில் எங்கள் ரயிலைக் காட்சிக்கு வைத்தோம். சிறப்பு விருந்தினர் ஒரு மரக் கண்ட்ராக்டர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. டீச்சரின் பெயர் இருக்கும் பக்கத்தில் அது எதற்கு? அவர் வந்தார், குனிந்தார், டீச்சரின் கித்தா வேகனைப் பார்த்து, "பேலு இப்படியா நிக்கும்? யாரு ஏத்தினது இத?" என்று கூட்டத்துக்கு முன் கேலி செய்தார். எனக்குச் சுருக்கென்றது. டீச்சருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. அவர் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்த ஆளுக்கு ஒரு சுமையப் பார்த்தா வாய் சும்மா இருக்காது. நல்லது."

அதற்குப் பிறகுதான் பாலாக் வேகன் வந்தது. கொய்யாக் குச்சிகளை உரித்து, காயவைத்து, முனைகளில் சிவப்புக் குறி போட்டிருந்தார். மரத்தூள்கூட வேகன் தரையில் சிதறிக் கிடந்தது. அவ்வளவு அழகான சுமையை நான் பார்த்ததில்லை. ஆனால் வேகனின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் மரத்தைத் தாங்கும் இரும்புக் கம்பிகள் நின்றன. மறுபக்கம் வெறுமை. சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய நூல், கயிறாகச் சுற்றியிருந்தது.

"டீச்சர், இந்தப் பக்கம் கம்பிய மறந்துட்டீங்க" என்றேன்.

"மறக்கல தம்பி. மறந்தாத்தானே."

அன்றைக்குத்தான் சொன்னார். அவருடைய தம்பி செல்வம் சுங்காய் சைடிங்கில் மரம் ஏற்றும் வேலையில் இருந்தவன். ஒரு நாள் எஞ்சின் வேகனை இழுத்ததும் மரம் உருண்டு, கீழே நின்ற செல்வத்தின் மேல் விழுந்தது. ஆள் அங்கேயே போய்விட்டான். விசாரணையில் இதே கண்ட்ராக்டர், "பய மாபோக்குல இருந்தான்லா. சங்கிலிய அவன்தான் அவுத்தான்" என்று சொல்லிவிட்டார். செல்வம் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. கூட வேலை செய்தவர்கள் டீச்சர் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து, "சங்கிலியே இல்லக்கா, கம்பியும் ஒரு பக்கம் இல்ல, கயித்துலதான் கட்டச் சொன்னாரு" என்றார்கள். விசாரணையில் வாய் திறக்க ஒருவருக்கும் துணிவில்லை. மறுநாள் வேலை வேண்டுமே. செத்தவன் குடிகாரன் ஆனான். டீச்சர் கடைத்தெருவில் போனால் 'அந்தக் குடிகாரன் அக்கா' என்று பின்னால் பேசினார்கள்.

"உசுரு போனது போச்சு தம்பி. பேரையுமா கொண்டுபோவான்?" என்று கேட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மறு வருடப் பொங்கலுக்கும் அதே விருந்தினர்தான். இந்த முறை டீச்சர், செல்வத்தோடு வேலை செய்த பழைய ஆட்களை வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். ஒலிபெருக்கி என்னுடையது. கண்ட்ராக்டர் பேசி முடித்து, மைக்கைக் கையில் பிடித்தபடியே ரயிலைப் பார்க்க வந்தார். பாலாக் வேகன் அவருக்கு நேர் எதிரே சைடிங்கில் நின்றது.

டீச்சர் கணக்குப் போட்டபடியே நடந்தது. மனிதர் குனிந்தார். "ஐயோ, இது என்னா ஏத்து? இந்தப் பக்கம் கம்பி எங்க? பாலாக்கப் போயி கயித்துலயா கட்டுறது? வண்டி அசைஞ்சா கீழ நிக்கிறவன் செத்தான்! இப்படி ஏத்தச் சொன்னவன முதல்ல ஜெயில்ல போடணும்" என்றார். மண்டபம் முழுக்கக் கேட்டது. மைக்கை அணைக்க எனக்கு ஒரு நொடி போதும். அணைக்கவில்லை.

டீச்சர் கைகட்டி நின்றபடி சொன்னார்: "இது உங்க வண்டிதான் முதலாளி. சுங்காய் சைடிங். நான் செல்வத்தோட அக்கா."

கண்ட்ராக்டர் நிமிர்ந்தார். பின்வரிசையிலிருந்து முனியாண்டி எழுந்தார். செல்வத்தோடு மரம் ஏற்றியவர். "அன்னிக்கும் இதே கயிறுதான் முதலாளி. நாங்க சங்கிலி கேட்டோம். நீங்கதான் போதும்னீங்க" என்றார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். பிறகு இன்னும் இருவர். "பொம்மைய வச்சிக்கிட்டு என்னாலா பேசுறீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே மைக்கை என் கையில் திணித்துவிட்டு அந்த ஆள் வெளியேறினார். பொங்கல்கூடச் சாப்பிடவில்லை. நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

விசாரணையை மறுபடி திறக்க டீச்சர் மனு கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. ஆனால் அன்று முதல் புந்தோங்கில் செல்வத்தைக் குடிகாரன் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. அந்த ஆளுக்குத்தான் பெயர் மாறியது. இன்றைக்கும் அவர் கார் போனால் "கயித்துக் கண்ட்ராக்டர் போறாருடா" என்கிறார்கள். அவர் மகள் கல்யாணத்தில்கூட யாரோ சொல்லிவிட்டார்களாம். டீச்சரிடம் இதைச் சொன்னபோது, "பாவம்" என்றார். பிறகு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

அவ்வளவோடு அவருக்குத் தீரவில்லை. "ஊரு சொல்லிடுச்சு. அவன் வாயால சொல்லலியே" என்பார்.

டீச்சரை எடுப்பதற்குச் சற்று முன்னால் அந்த ஆள் பெரிய மாலையோடு வந்து இறங்கினார். ஊர் பார்க்க வேண்டுமே. நான் வாசலில் நின்றேன்.

"சாவு வீட்டுல என்னா தம்பி இது? வழிய விடுங்க."

"விடுறேன். செல்வம் குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள போங்க. டீச்சருக்குக் கேக்காது. எங்களுக்குக் கேட்டாப் போதும்."

சங்கு ஊதிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார். அந்த ஆள் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மாலையோடு காருக்குத் திரும்பினார்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு: அவருடைய கோபத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை ஆறவிடப் போவதில்லை. கண்ட்ராக்டர் ஐயா, இதை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் போகும் கோயிலுக்குத்தான் நானும் போகிறேன். நீங்கள் வரும் கல்யாணத்துக்கெல்லாம் மைக் கட்டுபவன் நான்தான். ஒவ்வொரு முறையும் உங்களிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்பேன். கேட்டுக்கொண்டிருந்தவர் போய்விட்டார் என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள். நான் இருக்கிறேன்.