குணம்: எதற்கும் அஞ்சாது

பெரியப்பா யாரைப் பார்த்தாலும் முதலில் காதைத்தான் பார்ப்பார். பிறகு தாடை, பிறகு நடக்கும் விதம். முகத்துக்கு வருவதற்குள் ஆளை முடிவு செய்துவிடுவார். நான் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தைக் கையில் வாங்கி, "கழுத்து நம்ம வம்சம். காது அவ அம்மா வழி. படிப்புதான் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அவர் நகராட்சி நாய்க்கொட்டடியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பிடித்துக்கொண்டு வரும் ஒவ்வொரு நாய்க்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். அதில் இரண்டு வரிகள்தாம் முக்கியம்: இனம், குணம். பல தலைமுறை கலந்துபோன நாய்க்கு இனம் என்று எதை எழுதுவது? பெரியப்பா பார்த்துச் சொல்வார். அவர் சொன்னதுதான் இனம். கொட்டடியில் அவருக்கு ஜோசியர் என்று பெயர்.

"காது பொமரேனியன், கால் டாஷ்ஹண்ட், நடுவுல யாரோ ஒரு தபால்காரர்" என்பார். கூண்டு கழுவுகிறவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அவர் சொன்னது தவறு என்று யாரும் நிரூபித்ததில்லை. நாயின் அப்பனை யார் போய்த் தேடுவது?

குணத்துக்கு அவரே ஒரு பரீட்சை வைத்திருந்தார். நாய் தின்றுகொண்டிருக்கும்போது பின்னால் போய், ஒரு தகர மூடியை இரும்புக் கம்பியால் ஓங்கி அடிப்பார். பதறி ஓடினால் வீட்டுக்கு ஏற்றது. உறுமினால் காவலுக்கு ஏற்றது. திரும்பிக்கூடப் பார்க்காமல் தின்றால், "ரத்தத்துல சண்டை இருக்கு" என்பார்.

வேலை தேடி அலைந்த எட்டாவது மாதத்தில் அவர்தான் என்னை அங்கே தற்காலிக எழுத்தராகச் சேர்த்துவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கடிதத்தில் அவர் கையெழுத்து வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் அட்டை எழுதுவேன். "படிச்ச கை. எழுத்து முத்து முத்தா இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

அந்த வருடம் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். முதல் வாரமே எல்லோர் முன்னாலும், "வெறும் கண்ணால பார்த்துக் கலப்பு நாயோட இனத்தைச் சொல்ல முடியாதுங்க. சொன்னா நிறைய தப்பாத்தான் போகும்" என்றார். பெரியப்பா அவர் காதைப் பார்த்தார். அன்றோடு அந்தத் தபால்காரர் வேடிக்கை நின்றுபோனது.

கொட்டடிக்குப் பின்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதை நடத்துகிற அக்கா தனியாள். எங்கள் வெற்று அட்டைகளை வாரம் இருநூறு பிரதி எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். மெஷினுக்குப் பக்கத்தில், அந்தச் சூட்டில், பெரிய தலையோடு ஒரு வெள்ளை நாய் படுத்திருக்கும். அக்கா அதைத் துரை என்பார். ஷட்டரைத் தடதடவென்று ஏற்றினாலும் துரை எழாது. அக்கா தரையைக் காலால் இரண்டு முறை தட்டினால் உடனே வாலை ஆட்டிக்கொண்டு எழும். கல்லூரி நாட்களிலிருந்தே இதைப் பார்த்திருக்கிறேன். சோம்பேறி நாய் என்று நினைத்ததோடு சரி.

ஒருநாள் கடைக்கு வந்த ஒருவர் தூங்கிக்கொண்டிருந்த துரையின் வாலை மிதித்தார். அது திடுக்கிட்டு அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. புகார் போனது, வண்டி வந்தது, நாய் எங்கள் ஏழாம் கூண்டுக்கு வந்தது. விதி எளிது. கடித்த நாய் சண்டை இனக் கலப்பு என்றால் மூன்றாம் நாள் கொல்லும் ஊசி. இல்லையென்றால் எச்சரித்துத் திருப்பிக் கொடுக்கலாம். அதுவரை சொந்தக்காரர் உள்ளே வரக்கூடாது.

பெரியப்பா டாக்டரம்மாவை அழைத்து வைத்துக்கொண்டு பரீட்சை நடத்தினார். தீனித்தட்டை வைத்தார். பின்னால் போய் மூடியை அடித்தார். வரிசையில் இருந்த எல்லா நாய்களும் குரைத்தன. துரை தின்றுகொண்டிருந்தது. காதுகூட அசையவில்லை.

"அம்மா தெருநாய். அப்பன் அசல் சண்டை நாய். தாடையைப் பாருங்க, மண்டையைப் பாருங்க. இடி விழுந்தாலும் தின்னும்" என்றார்.

டாக்டரம்மா குனிந்து அதன் தாடையைப் பார்த்தார். நான் எழுதினேன். இனம்: சண்டை நாய்க் கலப்பு. குணம்: எதற்கும் அஞ்சாது.

மூன்றாம் நாள் காலை தீனி வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்துக்கு எல்லாக் கூண்டிலும் நாய்கள் எழுந்து கம்பியில் மோதும். ஏழாம் கூண்டில் மட்டும் துரை முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. பெரியப்பா நின்றார். கை தட்டினார். சாவிக்கொத்தைக் குலுக்கினார். பிறகு காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். துரை திரும்பிப் பார்த்தது.

"பெரியப்பா, இதுக்குக் காது கேக்கல."

"பார்த்தேன்."

"அட்டையை மாத்தி எழுதட்டுமா?"

"எதுக்கு? 'பாருங்கம்மா, எங்க ஜோசியருக்குக் கண்ணு போச்சு'ன்னு அந்த டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்கவா?" கொஞ்சம் நடந்து போய்விட்டுத் திரும்பினார். "உன் நீட்டிப்புக் கடிதம் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"ம்."

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். "நிச்சயம்தானே?" என்று கேட்டார்.

"முப்பது வருஷம், டாக்டரம்மா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அட்டையை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

துரை தூங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா தரையை இரண்டு முறை காலால் தட்டினார். அது எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு கம்பி அருகே வந்தது.

மறுநாள் காலை அக்கா கையில் கயிற்றோடு வாசலில் நின்றார். பெரியப்பா போய்ச் சொன்னார். அக்கா கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"துரைக்குக் காது கேக்காதுன்னு சொல்லத்தான் ரெண்டு நாளா வந்தேன். வாட்ச்மேன் விடல."

"அப்படியா" என்றார் பெரியப்பா, அப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல.

"என்னன்னு எழுதினீங்க?"

நான்தான் சொன்னேன்.

"அஞ்சாதா? ஒரு கரப்பான்பூச்சி வந்தா என் மடியில ஏறி உக்காருமே." அவர் குரல் ஏறவேயில்லை. "அந்த வரியை அடிச்சிட்டுச் செவிடுன்னு எழுதுங்க. உங்க கையாலயே எழுதுங்க. நான் ஒரு காப்பி எடுத்துக்கறேன், போதும்."

"எழுதித் தரேன்மா. திங்கட்கிழமை" என்றார் பெரியப்பா.

திங்கட்கிழமை வெற்று அட்டையைப் பிரதி எடுக்க என்னைத்தான் அனுப்பினார். அக்கா இருநூறையும் எண்ணி, ஓரம் தட்டி, ரப்பர் போட்டுக் கொடுத்தார். "அந்த அட்டை?" என்றார். அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அந்த மூன்றாம் நாள் காலையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கடிதத்துக்காக வாயை மூடினேனா, பெரியப்பாவுக்குப் பயந்தா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. எதுவானாலும் துரைக்கு ஒன்றுதான்.

டாக்டரம்மா அதற்குப் பிறகு பெரியப்பாவை எதிர்த்து எதுவும் கேட்கவில்லை. தபால்காரர் திரும்பி வந்தார். பெரியப்பா மாலையும் கைதட்டலுமாக ஓய்வு பெற்றார்.

நான்கு வருடம் கழித்து மருத்துவமனையில் கிடந்தார். நர்ஸின் காதைப் பார்த்து, "ரெண்டு ஊர் கலந்த காது" என்று சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். கோப்பிலிருந்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பேனாவைக் கையில் கொடுத்தேன்.

"ஒரே ஒரு வார்த்தை, பெரியப்பா."

அவர் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் நிதானமாகப் படித்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கு. இதைப் போய் அடிக்கச் சொல்றியே" என்று திருப்பிக் கொடுத்தார்.

பத்து நாளில் போய்விட்டார். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். பெரியம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். போகும்போது படியில் என்னை நிறுத்தினார்.

"எழுதினாரா?"

"இல்லக்கா."

தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.