தலையில்லாத கோட்டுகள்

பொன்னுலிங்கம் ஒரு கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் வரைந்துகொண்டிருக்கிறார். கோட்டுக்கு மேலே கழுத்து உண்டு, தலை இல்லை. யாருடைய கோட்டு என்று கேட்டால், "வாறவனுக்கு உள்ளது" என்பார். புதுக்கடைச் சந்தியில் அவர் கடைச் சுவரெல்லாம் இப்படி முண்டங்கள்தான். ஆண்களுக்குக் கோட்டும் கடிகாரச் சங்கிலியும். பெண்களுக்கு லேஸ் வைத்த ரவிக்கையும் கையில் வேதபுத்தகமும். ஆள் அகப்பட்டதும் தலையை மட்டும் பொருத்திவிடுவார்.

'தத்ரூப சித்திரக்காரர்' என்று பலகையில் தாமே எழுதி வைத்திருக்கிறார். கருப்பட்டி வியாபாரி தங்கப்பன் ஆயுளில் சட்டை போட்டவரல்ல. இப்போது தம் வீட்டுச் சுவரில் கோட்டும் சங்கிலியுமாக, துரைமார் நிறத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வீட்டு நாயே படத்தைப் பார்த்துக் குரைத்ததாகக் கேள்வி. "ஊரிலெ உள்ள கறுப்பு போராதா? படத்திலயும் வேணுமா?" என்கிறார் பொன்னுலிங்கம்.

ஆளைப் பார்த்து அவருக்கு வரைய வராது. அதை ஒப்புக்கொள்ளவும் வராது. "ஆளு ஆடும், அனங்கும். போட்டோ அனங்காது" என்று சாமர்த்தியமாகச் சொல்லிவிடுவார். போட்டோவின் மேல் மையால் கட்டம் போட்டு, காகிதத்தில் அதைவிடப் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பென்சிலால் பெயர்த்தெடுப்பார். அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. போட்டோவில் தமக்குப் பிடிக்காததைச் சவரக்கத்தி நுனியால் சுரண்டிவிடுவார். தழும்பு, மரு, தெற்றுப்பல் எல்லாம் அப்படித்தான் போகும். படைத்தவனுக்குப் பிழை திருத்தும் உத்தியோகத்தை இவருக்கு யார் கொடுத்தார்களோ!

போன சனிக்கிழமை பஸ்ஸுக்குக் காத்து அவர் கடையில் ஒதுங்கியிருந்தேன். ஞானபாய் வந்தாள். போன மாதம்தான் தாயை அடக்கம் செய்தவள். சபைக் கூட்டத்தில் எடுத்த தாயின் ஒரே போட்டோவை இவரிடம் நம்பிக் கொடுத்திருந்தாள். பொன்னுலிங்கம் படத்தை மேஜைமேல் வைத்துத் துணியை விலக்கினார். நல்ல சிவப்பு, நல்ல லேஸ். காதுகள் மட்டும் பள்ளிக்கூட டீச்சரம்மாவின் காதுகள்போலச் சின்னதாக இருந்தன.

"எனக்க அம்மைக்க காது எங்க அண்ணே?"

பாம்படம் போட்டு வடித்த காது அந்தக் கிழவிக்கு, தோளைத் தொடும். மற்றப் பெண்களெல்லாம் நாகரிகம் என்று ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக்கொண்டபோதும் அவள் மசியவில்லை.

"வடிகாது இப்பம் ஆருக்கு வேணும் பிள்ளே? ஒரு துளி ரெத்தம் வராம நான் தச்சுக் குடுத்திருக்கேன். கொள்ளாம் இல்லியா?"

"சின்னதிலெ அந்தக் காதெப் பிடிச்சோண்டுதான் நான் ஒறங்குவேன். போட்டோவப் பாத்து மறுபடி வரஞ்சு தாருங்கண்ணே."

இழுப்பறையிலிருந்து போட்டோவை எடுத்துக் கொடுத்தார். காது தொங்கிய இரண்டு இடங்களிலும் சுரண்டிய வெள்ளை. அதன்மேல் மைக் கட்டங்கள். அவள் அதை வெளிச்சத்துக்குக் காட்டி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். எங்காவது கொஞ்சம் மிச்சம் இருக்குமென்று நினைத்தாள்போலும்.

"காது போனா என்ன? முகம் இருக்கில்லா?" என்றார் அவர்.

ஞானபாய் மேஜைமேல் குனிந்து அழுதாள். கண்ணீர் படத்தின்மேல் சொட்டியது. பொன்னுலிங்கம் பதறி எழுந்தார். தோள்துண்டின் நுனியை விரலில் சுற்றி, சாயம் கலையாதபடி, படத்திலிருந்த அம்மையின் கன்னத்தை மெல்ல மெல்ல ஒற்றியெடுத்தார்.