சங்க்ஸ் என்றால் எவ்வளவு பெரிய துண்டு?

1. மாதிரி தேறவில்லை

வாங்கும் கம்பெனி சார்பில் கொச்சியிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த அனிதா மேடம், எங்கள் பாக்கெட்டைப் பிரித்து மாம்பழத் துண்டுகளைத் தட்டில் கொட்டினார். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது சங்க்ஸ் அல்ல, சேச்சி. இது டைஸ்."

கம்பத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பழம் பதப்படுத்தும் ஆலையில் நான் அப்போது உற்பத்தி சூப்பர்வைசர். அதுவரை மாம்பழக் கூழ் மட்டுமே போட்டு வந்தோம். உறைய வைத்த துண்டுகளுக்கு எங்களுக்குக் கிடைத்த முதல் ஏற்றுமதி ஆர்டர் அது. ஆர்டரில் 'மேங்கோ சங்க்ஸ்' என்று இருந்தது. துண்டு என்றால் டைசர் மெஷின் வெட்டும் சுண்டுவிரல் நுனி அளவுச் சதுரம்தான் என்று ஆலையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதலாளி மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜெயராணி, இதுக்கு மேல பெருசா இது வெட்டாதும்மா. ஆர்டரை விட்ருவோம். பழத்தை எல்லாம் கூழாப் போட்ருங்க."

பழுக்க வைக்கும் அறை நிறைய, துண்டுக்கென்றே கூடுதல் விலைக்கு வாங்கிய பங்கனப்பள்ளி. அது ஒரு கவலை. இன்னொரு கவலை, இந்த ஆர்டரை நம்பி வேலைக்கு எடுத்த பெண்கள். பெரும்பாலோர் விடியுமுன் ஜீப் ஏறி மலை மேல் ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்தவர்கள். ஆர்டர் போனால் மறுநாளே மறுபடி ஜீப்தான்.

அவர்களில் பாண்டியம்மா வாய்த்துடுக்குக்காரி. மெதுவாக என் அருகில் வந்து, "என்னக்கா, அந்தம்மா சங்கு சங்குன்னு சொன்னாக? நமக்கு ஊதிட்டாகளா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார், கையால வெட்டிப் பாக்குறோம்" என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் அனிதா மேடத்தைப் பார்த்தார். மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

2. எவ்வளவு தடிமன்?

ஆபீஸில் அகராதியைப் பார்த்தோம். 'தடித்த துண்டு' என்றிருந்தது. எவ்வளவு தடிப்பு என்று அதில் எப்படி இருக்கும்?

பெண்களை வரிசையாக நிற்க வைத்து, அவரவருக்குத் தோன்றியபடி வெட்டச் சொன்னேன். ஒருத்தி கீத்துப் போட்டாள். ஒருத்தி ஊறுகாய்க்கு நறுக்குவதுபோல் நறுக்கினாள். பாண்டியம்மா குழம்புக்கு மீன் போடுவதுபோல் பெரிய துண்டமாகப் போட்டாள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் பரப்பி மேடத்தின் முன் வைத்தேன்.

அவர் துண்டத்தை எடுத்து, குறுக்கே ஒரு வெட்டு வெட்டினார். "இத்தனை. பல்லால கடிக்கணும். ஐஸ் விட்டதும் அலிஞ்சு கூழாப் போகக் கூடாது."

அளவு கிடைத்தது. ஆனால் நன்கு பழுத்த பழம் அந்தத் தடிமனுக்கு நிற்கவில்லை; கத்தி பட்டதும் நசுங்கியது. முதல் பெட்டி முழுவதும் கூழுக்குப் போயிற்று. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெட்டுவதை நிறுத்தச் சொன்னேன். பாதிப் பேரைக் கத்தியை வைத்துவிட்டுப் பழம் பிரிக்க அனுப்பினேன். பெருவிரலால் அழுத்தினால் அமுங்குவது கூழுக்கு, லேசாக எதிர்த்து நிற்பது வெட்டுவதற்கு. "கொட்டைய ஒட்டி ரெண்டு கன்னத்தையும் எடுத்துருங்க, அப்புறம் குறுக்கு வெட்டு. அவசரப்படாதீக" என்றேன். சாறு வழிந்து கத்தி வழுக்கியது. ஆளுக்கொரு ஈரத்துணி கொடுத்தேன். இரண்டாவது பெட்டியில் முக்கால்வாசி நின்றது. அடுத்ததில் ஒன்றும் உடையவில்லை.

துண்டுகள் ப்ளாஸ்ட் ப்ரீசருக்குள் போய், கல்லாகி வெளியே வந்தன. ஒரு தட்டில் கொட்டி ஐஸ் விடக் காத்திருந்தோம். ஐஸ் விட்டது. தட்டில் சாறு கொஞ்சம் கசிந்தது, அவ்வளவுதான். ஓரம் மழுங்காமல், வெட்டியது வெட்டியபடி நின்றன துண்டுகள்.

மேடம் ஒன்றைக் கடித்தார். மென்றார். இன்னொன்றையும் எடுத்தார்.

"இதாணு சங்க்!"

பாண்டியம்மா மாஸ்கை இறக்கிவிட்டுக் குலவை போட்டாள். லைன் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. சுகாதார விதிப்படி நான் அதட்டியிருக்க வேண்டும். நானும் சேர்ந்து குலவை போட்டேன்.

3. அதே வார்த்தை மறுபடி

கண்டெய்னர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு மெயில் வந்தது. முதலாளி பதறிக்கொண்டு வந்தார்.

"ஜெயராணி, திரும்பவும் சங்க்கும்மா! அடுத்த சீசன்ல 'பிக் சங்க்' வேணுமாம். இதைவிடப் பெருசா எப்படி வெட்டுறது?"

வாங்கிப் படித்தேன். "சார், துண்டோட சைஸைச் சொல்லல, இங்க சங்க்னா பங்கு. அவுக வாங்குற மொத்தச் சரக்குல பெரும்பகுதியை நம்மகிட்டயே எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காக."

அவர் மெயிலை வாங்கி மறுபடி படித்தார். பிறகு வெட்டும் லைனுக்குப் போய், எல்லோரும் கேட்கும்படி அதைத் தானே தமிழில் சொன்னார். கையால் வெட்டும் லைன் அந்த வருடமே இரண்டாயிற்று.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆர்டரில் இருக்கும் வார்த்தை தெரிந்த வார்த்தையாகவே இருந்தாலும் சரி, லைனை ஓட விடுமுன் நாலு விதமாக வெட்டி, தட்டில் வைத்து, வாங்குகிறவர் முன் நீட்டுங்கள். அவர் விரல் எதைத் தொடுகிறதோ, அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்.