ஏழு நாள் ஓய்வெடுத்த விரல்

பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, ஏதோ வழக்கிலிருந்து தப்பிக்கத் தன் பத்து விரல் ரேகைகளையும் அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. கொலை வழக்கு என்றார் மருந்துக்கடைக்காரர். இரண்டு கொலை என்றார் எதிர்க்கடை இஸ்திரிக்காரர். விசாரித்துக்கொண்டே போனால் கொலையும் இல்லை, அடுப்பும் இல்லை. இருந்தது ஒரு பிளீச்சிங் தொட்டி, வாசல் சுவரில் ஒரு வருகைப்பதிவு எந்திரம், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பெண்.

எல்லோரும் அவளைத் தொட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தக்கறைப் போர்வைகளை ஊறவைத்துக் கசக்குவது பதினோரு வருடமாக அவள் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி கையுறை உண்டு. அது இரண்டாவது வாரமே வாயைப் பிளந்துவிடும். மீதி நாளெல்லாம் வெறுங்கைதான். விரல் நுனிகள் கரைந்த சோப்பு மாதிரி வழுவழுத்துப் போயிருந்தன.

எந்திரம் மட்டும் மகா மரியாதை. காலை ஆறேமுக்காலுக்கு அவள் விரலை வைத்தால், "தயவுசெய்து மீண்டும் முயற்சிக்கவும்" என்று குழைவாகச் சொல்லும். அந்தக் கட்டடத்தில் அவளிடம் இதுவரை "தயவுசெய்து" என்று சொன்ன ஒரே ஆள் அதுதான். முந்தானையில் துடைத்து வைப்பாள், தலைமுடியில் தேய்த்து வைப்பாள், ஊதி வைப்பாள். சிவப்பு விளக்குதான் எரியும். பின்னால் வரிசை உச்சுக்கொட்டும். கடைசியில் மேற்பார்வையாளரின் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடுவாள்.

வீட்டில் அவள் கணவன், லாரி ஓட்டிய மனிதன், முதுகு ஒடிந்து படுக்கையில் கிடந்தான். வாய்க்கு மட்டும் அடிபடவில்லை.

"கல்யாணத்தப் பதிவு பண்ணப்போ ரேகை வச்சியே, அது இனிமே செல்லுமா?"

"செல்லாதுன்னா சொல்லுங்க, இப்பவே பெட்டியக் கட்டுறேன்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அவன் மாத்திரை, வீட்டு வாடகை, மகளின் படிப்பு எல்லாம் அந்த ஒரு விளக்கை நம்பித்தான் இருந்தன.

அப்போதுதான் எந்திரம் செய்த கம்பெனி, அது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறதா என்று சோதிக்க ஆள் அனுப்புவதாகச் சேதி வந்தது. சோதனைக்குப் பத்துப் பேர். அவளும் ஒருத்தி.

"எந்திரத்துல விரல் ரேகை விழாதவங்க பேரத் தனியா எழுதிக்குவாங்களாம்" என்றார் மேற்பார்வையாளர். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. தனியாகப் பெயர் எழுதியதால் அங்கே யாருக்கும் இதுவரை நல்லது நடந்ததில்லை. போன வருடம் நான்கு பேரை அப்படி எழுதினார்கள். அடுத்த மாதம் நால்வரும் வேலையில் இல்லை.

மடிப்பு மேசையில் சீட்டியடித்துக்கொண்டே துணி மடிக்கும் சீட்டியக்கா ஒரு வழி சொன்னாள். "ஏழு நாள் நான் தொட்டியில நிக்கிறேன். நீ என் இடத்துல மடி. ராத்திரியில எண்ணெய் தேய்ச்சுக்கோ."

"உன் கை என்னக்கா ஆகும்?"

"என் கைக்கு என்ன, பொண்ணு பாக்கவா வர்றாங்க? ஏழு நாளையும் கடனா வச்சுக்கோ, போ."

எட்டாம் நாள் காலை மடிக்கணினியோடு ஒரு பெண் வந்தாள். தொட்டிக்காரி விரலை வைத்தாள். பச்சை! "நன்றி" என்றது எந்திரம். அதற்கு அந்த வார்த்தையும் தெரியும் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எவ்வளவு வசதியா இருக்கு? ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள மார்க் சொல்லுங்க."

"அஞ்சு மேடம். ஆறு இருந்தா ஆறு."

பத்துப் பேருக்கும் பச்சை. வந்தவளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "விழாதவங்களுக்கு விரலே வேண்டாம், தனியா ஒரு கார்டு குடுத்துடலாம்னுதான் லிஸ்ட் எடுக்க வந்தோம். இங்க தேவையே இல்ல. அந்த நோட்டையும் எடுத்துடுங்க சார்."

தொட்டிக்காரி விரலை அவள் முன் நீட்டினாள். "மேடம், இது வேலை செஞ்ச விரல் இல்ல. ஏழு நாளா ஓய்வெடுத்த விரல்."

வந்தவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். நல்ல பெண், உண்மையாகவே தேடினாள். "அதுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா. ரிப்போர்ட்டும் போயிடுச்சு."

தொட்டிக்குத் திரும்பிய நான்காம் நாள் சிவப்பு வந்துவிட்டது. நோட்டு இல்லாததால் சிவப்பு என்றால் வரவில்லை என்று கணக்கு. மாதத்தில் பத்து சிவப்பு விழுந்தால் வேலை இல்லை. இதற்கு நடுவே, சீட்டியக்காவின் வேகத்தைப் பார்த்து அசந்துபோன மேற்பார்வையாளர், இரண்டாவது தொட்டி ஒன்றைத் திறந்து அவளையும் அதிலேயே போட்டுவிட்டார்.

மாதம் முடிய ஆறு நாள் இருந்த ஒரு காலையில் இருவரும் எந்திரத்தின் முன் நின்றார்கள். தொட்டிக்காரிக்கு ஒன்பதாவது சிவப்பு. சீட்டியக்காவுக்கு அன்றுதான் முதலாவது. அவள் சீட்டியடிக்கவில்லை. தன் விரல் நுனியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு நாள் பாக்கி இருக்குடி."

"தெரியும்க்கா."

"எப்பக் குடுப்ப?"

"குடுத்துடுறேன்க்கா" என்றாள் தொட்டிக்காரி, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே. எந்த ஏழு நாள் என்று அவளும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.